மாமி பயப்பட மறந்தது

பயமாக இருந்தால் நாமெல்லாம் என்ன செய்வோம்? தொண்டையைச் செருமிக்கொள்வோம், செல்போனை எடுத்துப் பார்ப்போம், வேறு பேச்சு பேசுவோம். மாமி அப்படிச் சுற்றி வளைக்க மாட்டார். "எனக்கு பயமா இருக்கு" என்பார், காபி ஆயிற்றா என்று கேட்கிற அதே குரலில். பெசன்ட் நகர் கடற்கரையில் விடியற்காலை எங்கள் ஓட்டக் குழு கூடும்போது, ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டே அன்றைய பயத்தை அறிவித்துவிடுவார். ஒருநாள் கணுக்கால் பிசகிவிடுமோ என்று. ஒருநாள் வீட்டில் காஸை மூடினேனோ இல்லையோ என்று. ஒருநாள் வானத்தில் ஒரு மேகம் சரியில்லை என்று. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "சரி வாங்கோ, கிளம்பலாம்" என்று முதல் ஆளாக ஓட ஆரம்பிப்பார்.

குழுவில் எல்லோருக்கும் அவர் மாமிதான். பெயர் தெரியும். ஒருநாளும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடாத நான் இப்போது மட்டும் எழுதினால் யாரோ வேறு பெண்மணியைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருக்கும். மயிலாப்பூரில் பிறந்து, மயிலாப்பூரிலேயே சில தெருக்கள் தள்ளி வாழ்க்கைப்பட்டவர். ஐம்பதைத் தாண்டியிருந்தார். வங்கியில் அதிகாரியாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியிருந்தார். நல்ல உயரம். கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டு அதன்மேல் ஒரு தொப்பி. காட்டன் சுடிதார் டாப்ஸ் தவிர வேறு எதையும் போட்டுக்கொண்டு ஓட மாட்டார். குழுவில் கொடுத்த வழவழா டீ-ஷர்ட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல வேர்வை எங்கே போகும்? உடம்பு வெந்துடும். எனக்கு பயமா இருக்கு, நீயே வெச்சுக்கோ" என்று என்னிடம் தள்ளிவிட்டார். எனக்கு ஒரு டீ-ஷர்ட் லாபம்.

நான் தி. நகரில் ஒரு பாத்திரக்கடைக் குடும்பத்து மருமகள். எங்கள் வீட்டில் பயம் என்ற வார்த்தையையே எடுக்கக் கூடாது. கடை வைத்திருப்பவன் முகத்தில் அது தெரிந்தால் வாங்க வருகிறவன் திரும்பிப் போய்விடுவான் என்பது என் மாமனாரின் சித்தாந்தம். எனக்கு இரண்டாவது பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் இருந்தபோதுகூட ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருவரும் ஒன்றும் பேசவில்லையாம். எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவளுக்கு மாமியை முதலில் பிடிக்கவே இல்லை. காலங்காத்தாலே இப்படி அபசகுனமாகப் பேசுகிறாரே என்று ஒதுங்கி ஓடினேன். பிறகு எப்படியோ அவர் பக்கத்திலேயே ஓடத் தொடங்கிவிட்டேன். என்னால் சொல்ல முடியாததை ஒருவர் உரக்கச் சொல்வதைக் கேட்பதில் ஒரு நிம்மதி இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஊரூர் குப்பத்துச் சந்து வழியாகத்தான் நாங்கள் திரும்புவோம். மீன் கூடையோடு உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மாவுக்கு மாமியைப் பார்த்தால் பொழுது போகும்.

"இன்னா மாமி, இன்னிக்கு இன்னாத்துக்கு பயம்?"

"அலை பெருசா வரதே, பார்த்தேளா?"

"அது அங்க கீது. உன்னிய இன்னா பண்ணப் போவுது?"

"வராதுன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

அந்த அம்மாவின் சிரிப்பு சட்டென்று நின்றுவிடும். கடல் உள்ளே வந்த வருஷத்தைப் பார்த்தவர் அவர். "அது சொல்லிக்கினா வரும்" என்று முணுமுணுத்துக்கொண்டே மீனைத் திருப்பிப் போடுவார். மாமியின் பயம் அப்படித்தான். கேலி செய்ய ஆரம்பித்தவரையே கடைசியில் வந்து பிடித்துக்கொள்ளும். சொல்லிவிட்டால் அவருக்குப் பாதி போய்விடும், அந்தப் பாதி கூட இருப்பவருக்கு வந்துவிடும்.

ஒரு தடவை கேட்டேவிட்டேன். "இவ்வளவு பயப்படறீங்களே மாமி, எதுக்கு ஓட வர்றீங்க? வீட்ல நிம்மதியா இருக்கலாம்ல?"

"ஆத்துல உக்காந்துண்டிருந்தா மட்டும் பயம் இல்லையா? குக்கர் இருக்கு, லிஃப்ட் இருக்கு, மத்தியானம் போன் அடிச்சா யாருக்கு என்னமோன்னு இருக்கு. எப்படியும் பயப்படத்தான் போறேன். ஓடிண்டே பயப்பட்டா உடம்புக்காவது நல்லது."

நான் தண்ணீர் குடித்தேன்.

நீலகிரியில் ஒரு மலையோட்டம் நடக்கப்போகிறது என்று குழுவில் செய்தி வந்தபோது முதலில் பெயர் கொடுத்தது மாமிதான். முப்பது கிலோமீட்டர். தேயிலைத் தோட்டம், சோலைக்காடு, புல்வெளி என்று ஏறி இறங்க வேண்டும். பெயர் கொடுத்த அடுத்த நிமிஷம் எனக்குப் போன் செய்தார். "கொடுத்துட்டேன். பயமா இருக்கு. நீயும் கொடுத்துடு" என்றார். கொடுத்தேன். என்னை விட்டுவிட்டு முன்னால் ஓடிவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் அவரைவிட வேகம் குறைவு என்பது அவருக்கு உறைக்கவில்லை.

சென்னையில் மலைக்கு எங்கே போவது? பரங்கிமலை இருக்கிறது, ஆனால் தினமும் அவ்வளவு தூரம் போய் வர எங்களுக்கு வசதிப்படவில்லை. அதனால் மயிலாப்பூர் பறக்கும் ரயில் நிலையத்தின் படிகளில் ஏறி இறங்கினோம். முதல் ரயில் கூட்டம் வருவதற்கு முன்னால் அந்தக் கட்டடம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு மாடியும் வெறும் தூணும் தரையுமாக, எங்கள் காலடிச் சத்தமே திரும்ப வந்து மேலே விழும். ஒருநாள் பாதிப் படியில் மாமி நின்று, "அந்தத் தூணுக்குப் பின்னாடி யாரோ நிக்கறா மாதிரி இருக்குடி" என்றார். யாரும் இல்லை. ஆனால் எனக்கு அதற்கப்புறம் அந்தத் தூணைப் பார்க்காமல் ஏற முடியவில்லை. அவர் சொல்லிவிட்டு இலேசாக ஏறிப் போய்விட்டார். நான்தான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பையைச் சரிபார்க்க மாமி வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, பால்கனியிலேர்ந்து கீழே எட்டிப் பார்க்க மாட்டா இவ. இவளைப் போய் மலைக்கு இழுத்துண்டு போறியே?"

"நான் எங்க மாமா இழுக்கறேன்? அவங்கதான் என்னை இழுத்துட்டுப் போறாங்க."

"அதுவும் சரிதான்" என்று பேப்பருக்குள் போய்விட்டார்.

மாமியின் பை ஒரு சின்ன மருந்துக் கடை. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் ஒரு கொத்து. மோர் மிளகாய் வறுத்துப் போட்ட தயிர்சாதம் ஒரு டப்பாவில். வெயிலுக்கு முகத்தில் பூசுகிற களிம்பு, கழுத்தில் நனைத்துச் சுற்ற ஒரு துண்டு, வியர்க்குரு பவுடர், மாற்றுத் தொப்பி, ஒரு மடக்கு விசிறி. நடத்துகிறவர்கள் கட்டாயம் என்று சொன்ன விசிலும், மெல்லிய மழைக்கோட்டும், மடித்தால் கைக்குட்டை அளவுக்குச் சுருங்கும் வெள்ளித்தாள் போர்வையும் அடியில் கிடந்தன. "இது எதுக்குடி, சமோசா கட்டித் தரதுக்கா?" என்றார் போர்வையைக் காட்டி. நானும் சிரித்தேன். ஸ்வெட்டர் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை. கத்திரி வெயிலில் பயிற்சி எடுத்தவர்கள் நாங்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரே எதிரி வெயில். உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பயந்த மாமி, குளிருக்குப் பயப்பட மட்டும் மறந்துபோனார். அவர் பேரில் தப்பில்லை. குளிரை அவர் பார்த்ததே கிடையாது. மார்கழியில் கோயிலுக்குப் போகும்போது காதில் ஒரு துணி, அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த குளிர்.

ஓட்டம் ஐப்பசியில். விடிந்தபோது மலை பளிச்சென்று இருந்தது. மாமி உற்சாகமாகப் பயந்துகொண்டு வந்தார். அட்டைக்கு பயம், காட்டெருமைக்கு பயம், தேயிலைச் செடிக்கு நடுவில் எதுவோ அசைகிறது, இந்த மண் வழுக்குகிறது, கூட்டம் எல்லாம் முன்னால் போய்விட்டதே, வழி தப்பினால் என்ன செய்வது. ஏற்றத்தில் பாதி வழியில் தண்ணீரும் வாழைப்பழமும் வைத்திருந்த இடத்துக்கு நாங்கள் ஏறிக்கொண்டிருந்தபோது, எங்கள் குழுவைச் சேர்ந்த ஐ.டி. தம்பி ஒருவன் அதற்குள் உச்சியைத் தொட்டுத் திரும்பி எதிரே இறங்கி வந்தான். எங்களுக்குப் பயிற்சியாளர் என்று யாரும் இல்லை, ஆனால் அவன் அப்படித்தான் நடந்துகொள்வான்.

"மாமி, ப்ளீஸ். இன்னிக்கு ஒருநாள் அந்த வார்த்தையே வேண்டாம். பாசிட்டிவா இருங்க. சும்மா ரசிங்க!" என்று கத்திவிட்டு ஓடிப் போனான்.

"சரிப்பா" என்றார் மாமி.

தண்ணீர் வைத்திருந்த இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர் மழை மாதிரி கொட்டிவிட்டு ஓய்கிற மழை இல்லை. சாய்வாக, காற்றோடு, ஊசி ஊசியாக, நிற்காமல். மழைக்கோட்டு கழுத்து வழியாக உள்ளே நனைந்தது. மூடுபனி இறங்கி முன்னால் போகிறவர்களும் பின்னால் வருகிறவர்களும் மறைந்து போனார்கள். மரங்கள் முடிந்து வெறும் புல்வெளி. ஒதுங்க ஓர் இடம் கிடையாது. மாமியின் காட்டன் டாப்ஸ் தண்ணீரைக் குடித்து முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அவர் நடுங்கிக்கொண்டே நடந்தார். ஆனால் எதுவும் சொல்லவில்லை.

தம்பி சொன்னது மனசைத் தைத்துவிட்டது, கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். பேச்சுக் கொடுத்தேன். "ம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அதுவும் இல்லை. பின்னால் திரும்பிப் பார்த்தபோது நடுக்கம் நின்றிருந்தது. பரவாயில்லையே, மாமிக்குப் பழகிவிட்டது என்றுதான் எனக்குப் பட்டது. கால்கள் மட்டும் ஒன்றையொன்று இடறின. பாதையை விட்டு இரண்டு முறை விலகிப் போனார், நான் தோளைப் பிடித்துத் திருப்பினேன். அப்புறம் ஒரு பாறையைப் பார்த்ததும் அதில் உட்கார்ந்துவிட்டார்.

"மாமி, உக்காராதீங்க. இன்னும் கொஞ்ச தூரம்தான்."

"என்னடி இப்படி புழுங்கறது" என்றார். நாக்கு தடித்துப்போன மாதிரி இருந்தது பேச்சு. மழைக்கோட்டின் ஜிப்பை இழுத்துத் திறந்து ஒரு கையை வெளியே எடுத்தார்.

இதைப் படிக்கிற நீங்கள் குளிர் ஊர்க்காரராக இருந்தால் அந்த நிமிஷத்திலேயே விழித்துக்கொண்டிருப்பீர்கள். நான் சென்னைக்காரி. புழுக்கம் என்று ஒருவர் சொன்னால் நம்பாமல் இருக்க எனக்குத் தெரியாது. ஜிப் வேறு போட்டு மூடியிருந்தார், உள்ளே வேகத்தானே வேகும் என்று இன்னொரு கையையும் நானே உருவிவிட்டேன். புழுங்கினால் என்ன செய்வோம்? பிடரியில் தண்ணீர் ஊற்றுவோம். பாட்டிலைத் திறந்து ஊற்றினேன்.

மாமி அசையவே இல்லை. மே மாதத்தில்கூட முதல் சொம்புத் தண்ணீர் மேலே விழப் பயம் என்று சொல்கிற மனுஷி. தண்ணீர் முதுகு வழியாக இறங்கிப் போகிறது, அவர் சிரித்துக்கொண்டு மூடுபனியைப் பார்க்கிறார். நான் அவர் கழுத்தில் கை வைத்தேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பால் பாக்கெட்டைத் தொட்ட மாதிரி இருந்தது.

என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. எங்கள் வீட்டு வழக்கப்படி வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்க்க அங்கே ஒரு சுவர்கூடக் கிடையாது. மழைக்கோட்டை மறுபடி மாட்டினேன். சமோசாக் காகிதம் என்று கேலி செய்த இரண்டு வெள்ளிப் போர்வைகளையும் பிரித்து அவரைச் சுற்றிக்கொண்டு, நானும் உள்ளே போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டேன். காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. போனில் சிக்னல் இல்லை. அவரை விட்டுவிட்டு ஓடி ஆளைக் கூட்டிவர வேண்டுமா, இல்லை கூடவே இருக்க வேண்டுமா என்று தெரியவில்லை. மாமியின் கண்கள் மூடிக்கொண்டு வந்தன. விசிலை ஊதினேன். மூச்சுக் கிடைத்தபோதெல்லாம் ஊதினேன். மூடுபனி அதை விழுங்கிக்கொண்டது.

அவரைத் தூங்கவிடக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. பயமுறுத்தினால் விழித்துக்கொள்வார் என்று தோன்றியது.

"மாமி, நாய் வருது! பெரிய நாய்!"

சிரித்தார்.

"காட்டெருமை மாமி! இதோ பக்கத்துல நிக்குது!" அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். "லிஃப்ட் நின்னுடுச்சு! காஸைத் திறந்து வெச்சுட்டு வந்துட்டீங்க! அலை வருது மாமி, எழுந்திருங்க, அலை வருது!" அவர் வருஷக்கணக்காக எனக்குச் சொன்ன பயங்கள் எல்லாவற்றையும் அழுதுகொண்டே அவர் காதில் கத்தினேன்.

மாமி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அவ்வளவு சாந்தமான முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை.

"வரட்டுமே" என்றார்.

எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் இன்னும் கனவில் வருகிறது.

கடைசி ஆளுக்கும் பின்னால் நடந்து வருவதற்கென்றே உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேரை வைத்திருந்தார்கள். விசில் சத்தம் கேட்டு அவர்கள் ஓடி வந்தார்கள். மாமியைப் பார்த்ததும் பெரியவர் ஒன்றுமே கேட்கவில்லை. பையிலிருந்து கம்பளியை எடுத்து என்னிடம் எறிந்துவிட்டு, "ஈரத் துணி ஒண்ணு விடாம கழட்டுங்கக்கா, நாங்க திரும்பிக்கறோம்" என்றார். காட்டன் டாப்ஸை உருவ வரவில்லை, உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. கிழித்தேன். கம்பளியில் சுற்றி, இரண்டு பேரும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு ஜீப் நிற்கிற இடம் வரை இறங்கினார்கள். நான் பின்னால் விழுந்து எழுந்து ஓடினேன். அன்றைக்கு முழுவதும் நான் உண்மையில் ஓடியது அந்தத் தூரம்தான்.

மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சாயங்காலம் மாமிக்கு நினைவு தெளிந்தது. கட்டிலைச் சுற்றி ஹீட்டர் வைத்திருந்தார்கள். உடம்பு மிதமிஞ்சிக் குளிர்ந்துபோனால் நடுக்கம் நின்று புழுங்குகிற மாதிரி இருக்குமாம், நடுங்குகிற வரைக்கும் பயமில்லை என்றார் டாக்டர். என்னைப் பார்த்து அவர் முதலில் சொன்னது, "ஏண்டி எழுப்பினே?"

மயக்கம் இன்னும் தெளியவில்லை என்று நர்ஸிடம் சொல்லிச் சிரித்தேன்.

ஊர் திரும்பி ஒரு மாதத்தில் மாமி மறுபடி கடற்கரைக்கு வந்துவிட்டார். நன்றாகத்தான் ஓடினார். ஆனால் ஷூ கட்டும்போது ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. "பார்த்தீங்களா, மலை ஒரே நாள்ல மாமியை மாத்திடுச்சு!" என்று தம்பி எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டான். குப்பத்தில் அந்த அம்மா வழக்கம்போலக் கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லைம்மா" என்று சொல்லிவிட்டு மாமி நடந்தார். அந்த அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தி, "இன்னா ஆச்சு அதுக்கு? கண்ணு வேற எங்கியோ கீது" என்றார். லஸ் முனையில் பஸ் வருகிறதா என்று பார்க்காமலே மாமி ரோட்டைக் கடந்ததை நானே பார்த்தேன். அவர் விட்ட பயம் அத்தனையும் பாதியாக இல்லாமல் முழுசாகவே என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் வீட்டுக்கே போய்விட்டேன். மாமா வெளியே போயிருந்தார். மாமி சமையலறை மேடையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்கிட்ட கோபமா மாமி?"

"உன்கிட்ட என்னடி கோபம்?" கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ கத்தினது எல்லாம் எனக்குக் கேட்டுது. நாய், லிஃப்ட், எல்லாம். பதில் சொல்ல மனசு வரலை. அவ்வளவு சுகமா இருந்தது. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து உள்ளே ஒரு மோட்டார் ஓடிண்டே இருக்கும். அன்னிக்குத்தான் அது நின்னுது. பயம் இல்லாம இருந்தா இப்படியா இருக்கும்னு இருந்தது. உங்களுக்கெல்லாம் எப்பவும் அப்படித்தான் இருக்குமோ?"

"இல்ல மாமி" என்றேன். "யாருக்குமே அப்படி இருக்காது."

"அப்படியா" என்றார், ஏமாந்த மாதிரி. பிறகு கீரைத் தண்டை உடைத்துக்கொண்டே, "இன்னும் ஒரு தடவை அங்கே போய் உக்காரணும்போல இருக்கு. மாமாகிட்ட சொல்லிடாதே" என்றார்.

நான் சொல்லவில்லை. அடுத்த வருஷம் மலையோட்டத்துக்குப் பெயர் கொடுக்கும் நாட்களில் ஏதாவது சாக்கு வைத்துத் தினமும் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். என் முழங்கால் போய்விட்டது, நீங்கள் இல்லாமல் பிசியோதெரபிக்குப் போகப் பயமாக இருக்கிறது என்று பொய் சொன்னேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. மாமி கூட வந்தார். மலைக்குப் போகவில்லை. அந்த மட்டில் வெற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த வருஷம் கனடாவில் இருந்த அவர் மகன் மாமியையும் மாமாவையும் அங்கே அழைத்துக்கொண்டான். சொல்லிக்கொள்ள எங்கள் கடைக்கு வந்தார் மாமி. பேரனுக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம் வாங்கிக்கொண்டார்.

"அங்க ரொம்பக் குளிருமே மாமி" என்றேன்.

"ஆமா, குளிரும்" என்றார். கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

முதல் சில மாதங்கள் போனில் பேசினோம். அப்புறம் பேச்சு குறைந்தது. மார்கழி வந்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஒருநாள் சாயங்காலம், கடையில் தை மாதக் கல்யாணங்களுக்கு வாங்குகிற கூட்டம் நிற்கும்போது, என்னால் தாங்க முடியாமல் போயிற்று. மாமி நம்பர் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவர் மகனைக் கூப்பிட்டேன். அங்கே காலை நேரம்.

மலையில் நடந்தது அவனுக்குத் தெரியும், மழையில் நனைந்து மயக்கம் என்கிற அளவுக்கு. மிச்சத்தைச் சொன்னேன். சமையலறையில் மாமி சொன்னதையும் சொன்னேன். அம்மாவைக் குளிரில் தனியாக விடாதே என்றேன். மாமாவிடம்கூடச் சொல்லாதே என்று மாமி கேட்டுக்கொண்டது எனக்கு அப்போது ஒரு பொருட்டாகப் படவில்லை.

அவன் சிரித்துவிட்டான். "அம்மாவா? ஆன்ட்டி, எங்கம்மாவுக்கு எதைப் பார்த்தாலும் பயம். வாசப்படி தாண்டவே யோசிப்பா. நீங்க வேற."

"இப்ப எங்கப்பா இருக்காங்க?"

"பின்னாடி தோட்டத்துல. தினமும் இந்த நேரத்துக்குப் பெஞ்சுல உக்காந்துண்டு ஸ்னோ பார்ப்பா. அது ஒண்ணுதான் இங்கே அவளுக்குப் பிடிச்சிருக்கு."

"எவ்வளவு நேரமா?"

"நான் இப்பத்தான் எழுந்தேன்" என்றான்.

"உள்ள கூப்பிடு. இப்பவே போ. போனைக் கையிலேயே வெச்சுட்டுப் போ."

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் காற்று. "அம்மா" என்று கூப்பிட்டான். "அம்மா, உள்ளே வா." மறுபடியும், "அம்மா!" அவன் குரல் மாறிவிட்டது. பனியில் கால் புதைந்து புதைந்து ஓடுகிற சத்தம். என்னைச் சுற்றிப் பித்தளை அண்டாக்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இன்னொரு காதை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு, "சத்தம் போடாதீங்க, யாரும் சத்தம் போடாதீங்க!" என்று கத்தினேன். கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது. மாமனார் கல்லாவிலிருந்து எழுந்து நின்றார்.

"பயமா இருக்கு மாமா" என்று அவரிடம் சொன்னேன். அவர் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

வெகு நேரம் இழுபறியும் மூச்சுமாகவே கேட்டது. கதவு அடித்துச் சாத்தப்பட்டது. யாரோ யாரையோ உட்காரவைத்தார்கள். பிறகு போன் கை மாறியது.

"அவன்கிட்ட சொல்லிட்டியாடி?"

"சொல்லிட்டேன் மாமி."

பல்லோடு பல் அடித்துக்கொள்கிற சத்தம் மட்டும் கேட்டது. கடகடவென்று, நிற்காமல். கோபத்தில் வைத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"குளிர்றதுடி" என்றார் மாமி. "ரொம்பக் குளிர்றது."

போய்ப் போர்த்திக்கொள்ளுங்கள் என்று அழுதுகொண்டே சொன்னேன். அவர் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.